ஏதென்ஸின் நிழல் பக்கம்: கிஃபிஸியாவை நடந்தே பார்க்க ஒரு வழிகாட்டி

ஏதென்ஸுக்குப் போகிறவர்கள் அக்ரோபோலிஸ், பிளாக்கா, மொனஸ்திராக்கி என்று கல்லும் வெயிலுமாகவே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே ஊரின் வடகோடியில், பெந்தெலி மலையடிவாரத்தில், பைனும் பிளேன் மரமும் அடர்ந்த கிஃபிஸியா இருக்கிறது. ஊருக்குள் அனல் பறக்கும் நாளிலும் இங்கே கொஞ்சம் குளுமை இருக்கும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஹெரோதெஸ் அட்டிகஸ் என்ற பெருஞ்செல்வர் இங்கே மாளிகை வைத்திருந்தார். அக்ரோபோலிஸ் அடிவாரத்தில் நீங்கள் பார்க்கும் கல் அரங்கைக் கட்டியவரும் அவர்தான். 1885இல் நீராவி ரயில் வந்ததும் ஏதென்ஸ் பணக்காரர்கள் கோடை வாசத்துக்கு வரிசையாக வில்லாக்களைக் கட்டினார்கள். இன்று நாம் பார்க்கப் போவது பெரும்பாலும் அந்த வீடுகளையும் அவற்றின் மரங்களையும்தான்.

முதலில் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இங்கே வந்து ஏமாந்து போகிறவர்கள் பெரும்பாலும் நாளையும் நேரத்தையும் கவனிக்காதவர்கள்தான். திங்களன்று அருங்காட்சியகம் கிடையாது. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். கிரீஸில் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் பல கடைகள் மதியம் மூன்று மணியோடு மூடிவிடும். செவ்வாய், வியாழன், வெள்ளியில் சாயங்காலம் மறுபடி திறப்பார்கள். அதனால் இந்த மூன்று நாட்களில் ஒன்றைப் பிடித்து, காலை ஒன்பதரைக்குள் அங்கே இறங்கிவிடுவது நல்லது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில் ஊரே தீவுகளுக்குக் கிளம்பிவிடும். தெருக்கள் அமைதியாக அழகாக இருக்கும், ஆனால் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும்.

போகும் வழி எளிது. பச்சை நிறத்தில் காட்டப்படும் முதலாம் மெட்ரோ தடத்தில் கடைசி நிலையமே கிஃபிஸியா. மொனஸ்திராக்கியிலோ ஒமோனியாவிலோ ஏறலாம். சின்தக்மாவில் தங்கியிருந்தால் மூன்றாம் தடத்தில் ஒரே ஒரு நிறுத்தம் போய் மொனஸ்திராக்கியில் மாறுங்கள். பிளாட்பாரத்தில் ‘கிஃபிஸியா’ என்ற பலகையைப் பார்த்து ஏறாவிட்டால் எதிர்த்திசையில் பிரேயஸ் துறைமுகத்துக்குப் போய்விடுவீர்கள். 1.20 யூரோ டிக்கெட் 90 நிமிடம் செல்லும், இடையில் ரயில் மாறலாம். போக ஒன்று, வர ஒன்று போதும், 4.10 யூரோ நாள் டிக்கெட் இந்தப் பயணத்துக்கு மட்டும் என்றால் வீண். வெளியேறும்போதும் கேட்டில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், வழியில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மொனஸ்திராக்கி நிலையத்துக்கும் அட்டிகி நிலையத்துக்கும் இடையில் நெரிசலில் பிக்பாக்கெட் தொல்லை உண்டு. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பயணம் ஏறக்குறைய 35 நிமிடம், பெரும்பகுதி தரைக்கு மேலேதான்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரில் இருப்பது நகராட்சிப் பூங்கா. அதைக் கடந்தால் கிஃபிஸியாஸ் பெருஞ்சாலை. சிக்னலில் மட்டும் சாலையைக் கடந்து செல்லுங்கள். வண்டிகள் நிற்கும் என்று நம்பிக் கால் வைக்க வேண்டாம். மறுபக்கம் கஸ்ஸவேதி தெருவில் 1892 முதல் நடக்கும் வார்ஸோஸ் என்ற பால்பண்டக் கடை இருக்கிறது. உயரமான கூரை, கண்ணாடிப் பெட்டிகள், பழைய நாற்காலிகள். கெட்டித் தயிரில் தேன் ஊற்றித் தருவதை முதலில் சாப்பிடுங்கள். ரிஸோகலோ என்பது பட்டைப்பொடி தூவிய, ஆறவைத்த அரிசிப் பாயசம். கலாக்தோபூரெக்கோ பார்வைக்குப் பால் இனிப்புபோல இருந்தாலும் முட்டை சேர்ந்தது. சைவம் பார்க்கிறவர்கள் கவனிக்கவும்.

அங்கிருந்து லெவீது தெருவுக்கு வாருங்கள். 13ஆம் எண் கட்டடம், 1964இல் நிறுவப்பட்ட கூலாண்ட்ரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். கிரீஸின் பூச்சி, பறவை, தாவரம், கனிமம் எல்லாம் ஓரிடத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும், ஆனால் பிற்பகலுக்குத் தள்ளிப்போடாதீர்கள், சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

இனி மேட்டில் ஏறுங்கள். கொலோகொத்ரோனி தெரு வழியாக கெஃபலாரி சதுக்கம் வரை மெதுவாக நடந்தால் இருபது நிமிடம். வீடுகளைப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்த நடைக்குச் சுவை. ஏதென்ஸ் மையத்துப் பழைய வீடுகள் தூணும் சமச்சீருமாக நிற்கும். இங்கே செங்குத்தான கூரை, சின்னக் கோபுரம், இறவாரத்தின் ஓரம் முழுக்க மரத்தில் ஜாலரிபோல் வெட்டிய வேலைப்பாடு என்று சுவிஸ் மலை வீடுகளின் சாயல். மதில் உயரம் என்பதால் கேட் வழியாக எட்டிப் பார்ப்பதைவிட எதிர் நடைபாதையிலிருந்து கூரையைப் பார்ப்பதே மேல். இவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், உள்ளே இருப்பவர்களைப் படமெடுக்காதீர்கள். நடைபாதையை வேர்கள் பெயர்த்திருக்கும், போதாததற்குக் கார்களும் ஏறி நிற்கும். தள்ளுவண்டிக் குழந்தையோடு வருகிறவர்கள் சில இடங்களில் தெருவில்தான் இறங்க வேண்டிவரும். தெருவோர மரங்களில் தொங்குவது கசப்பு நாரத்தை இனம். கிரேக்கர்கள் அதைச் சர்க்கரைப் பாகில் போட்டுத்தான் தின்பார்கள், பறித்துக் கடித்தால் வாய் கசந்துவிடும்.

திரும்பும்போது பிளாட்டானோஸ் சதுக்கத்தைத் தவறவிடாதீர்கள். அதனருகே ஒரு சிறு கட்டடத்துக்குள் நான்கு ரோமானியச் சலவைக்கல் சவப்பேழைகள் இருக்கின்றன, 1866இல் கண்டெடுத்தவை. ஹெரோதெஸ் அட்டிகஸ் குடும்பத்தோடு இவற்றைத் தொடர்புபடுத்துகிறார்கள். கிரேக்கப் புராணத்து லேதாவும் அன்னமும் செதுக்கிய பேழையைத் தேடிப் பாருங்கள். பூட்டியிருந்தாலும் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கப் பாருங்கள்.

இன்னும் கால் வலிக்கவில்லை என்றால் திரும்பும் ரயிலில் அடுத்த நிலையமான ‘காட்’ (KAT) நிலையத்தில் இறங்கி, சிங்ரூ தோப்புக்குப் போகலாம். சுமார் 95 ஹெக்டேர் பைனும் ஆலிவுமாக இருக்கும் மண் பாதைகள். உள்ளே எர்ன்ஸ்ட் சில்லர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கோத்திக் பாணித் தேவாலயம், கிரீஸில் அரிதான காட்சி. ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும், குழாய்த் தண்ணீரே குடிக்கத் தகுந்தது. கோடையில் காட்டுத்தீ அபாயம் மிக அதிகம் என்று அறிவிக்கும் நாட்களில் தோப்புகளுக்குள் நுழையத் தடை போடுவார்கள். மறுநாளுக்கான அபாய வரைபடத்தைக் குடிமைப் பாதுகாப்புத் துறை தினமும் வெளியிடுகிறது, முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

ப்ஸிகிகோ (Psychiko) என்ற இன்னொரு வில்லாக் குடியிருப்புப் பகுதியையும் இதே நாளில் சேர்க்கலாமா என்றால், வேண்டாம். அது நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. தெருக்கள் வட்டம் வட்டமாக வளைவதால் நேராகப் போகிறோம் என்று நினைத்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள். அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்கி, போனில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்.