பூனைக்குட்டி ஒன்றா, இரண்டா?

பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒற்றைக் குட்டியைக் கொண்டுவருவதைவிட, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டைச் சேர்த்து எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் ஒன்றோடொன்று கட்டிப் புரளும்போதே கற்றுக்கொள்கின்றன. ஒன்று வலியில் கீச்சிட்டு ஆட்டத்தை நிறுத்தியதும் மற்றது பிடியைத் தளர்த்திவிடும். அந்தப் பழக்கம் இல்லாமல் வளரும் தனிக்குட்டி, நள்ளிரவில் போர்வைக்குள் அசையும் நம் கால்விரல்களை இரையாக எண்ணிப் பாயக்கூடும்.

செலவு இரட்டிப்பாகும் என்பதையும் மறைக்கக் கூடாது. தடுப்பூசி, உணவு, கருத்தடை அனைத்தும் இரண்டு மடங்கு. அவை மலசலம் கழிப்பதற்கான மணல் தட்டுகளோ இரண்டு குட்டிகளுக்கு மூன்று வைப்பதே முறை. இது கட்டுப்படியாகாது என்றால், எப்போதும் ஆள் இருக்கும் வீட்டில் ஒன்றே போதும், ஆனால் காலையும் மாலையும் கையால் அல்லாமல் கயிற்றில் கட்டிய இறகால் விளையாட்டுக் காட்டுங்கள்.

எண்ணிக்கை எதுவாயினும், 8 வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். ஆணும் பெண்ணுமாக எடுத்தால், உடன்பிறந்தவையாயினும் அவை இணைசேரும் என்பதாலும், பெண் குட்டி நான்காம் மாதத்திலேயே சினைப்படக்கூடும் என்பதாலும், முதல் தடுப்பூசிக்குச் செல்லும் அன்றே கருத்தடைக்கான நாளையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.