திரை சுத்தமானால் போதுமா? தூக்க ஆய்வில் மூளை அலை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் ஸ்லீப் லேபில் இரவு டியூட்டி பார்க்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. சமீபத்தில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், வேகமாக வேலை செய்கிறார்கள், நோயாளியிடம் பேசும் பக்குவமும் இருக்கிறது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குத் திரை முன்னால் உட்கார்ந்து அவர்கள் எடுக்கும் முடிவுகளைப் பார்த்தால், முதல் வருடத்தில் நான் செய்ததையே அப்படியே திரும்பச் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். வயரை மாற்றிச் செருகுவது, ரெக்கார்ட் அழுத்த மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை திட்டு வாங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பிடிக்கிற அலை மிகமிகச் சின்னது. தலையின் தோலில் கிடைப்பது பெரும்பாலும் 10-லிருந்து 100 மைக்ரோவோல்ட்தான். அதே அறையின் சுவருக்குள் 230 வோல்ட் ஓடுகிறது. 50 மைக்ரோவோல்ட் அலையோடு ஒப்பிட்டால் அது 46 லட்சம் மடங்கு. 1924-ல் ஜெர்மனியின் ஜெனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளை அலையைப் பதிவு செய்தார், ஆனால் 1929-ல்தான் வெளியிட்டார். வருவது உண்மையில் மூளையிலிருந்துதான் வருகிறதா என்று அத்தனை தடவை சோதித்துப் பார்த்தார். அந்தச் சந்தேகம் நமக்கும் ஒவ்வொரு ராத்திரியும் வேண்டும்.

எண்ணெய்த் தலையோடு ஆரம்பிப்பது

நம்ம ஊரில் வெள்ளிக்கிழமை பெண்களுக்கும் சனிக்கிழமை ஆண்களுக்கும் எண்ணெய் முழுக்கு உண்டு. மற்ற நாளிலும் தேங்காயெண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்புகிற பெரியவர்கள் குறைவு. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. தோலின் மேல்புறத்தில் இருக்கிற காய்ந்த செல் அடுக்கே பெரிய தடை, அதன்மேல் எண்ணெயும் படிந்தால் அலையைப் பிடிக்கத் தலையில் ஒட்டுகிற உலோகக் கிண்ணமான எலெக்ட்ரோடுக்குக் கீழே ஒரு மூடி போட்ட மாதிரிதான்.

அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: வரும் அன்று ஷாம்பு போட்டுக் குளிக்க வேண்டும், அதன்பின் எண்ணெயோ கண்டிஷனரோ வேண்டாம். நெற்றியில் விபூதி இருந்தால் கேட்டுவிட்டுத் துடையுங்கள். கேட்காமல் பஞ்சை எடுத்துக்கொண்டு போனால் ஐயாக்கள் மனம் சங்கடப்படும், அது நியாயம்தான். காதுக்குப் பின்னால் மேடாக இருக்கிற எலும்பின் மேல், எம்1 (இடது), எம்2 (வலது) என்ற ஒப்பீட்டு எலெக்ட்ரோடுகளை ஒட்டும் இடத்தில்தான் எண்ணெய் வழிந்து தேங்கும். புதியவர்கள் தலையைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு, அந்த இடத்தைப் பேருக்கு ஒரு துடை துடைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்து நான் சொல்லப்போகும் தவறு ஆரம்பிப்பதே அங்கேதான்.

கோடு தடித்தால் நாட்ச் ஃபில்டரை அழுத்துவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற தவறு இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வேறொரு லேபில். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல், பலத்த குறட்டை, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறார். மகன் வெளியூரில் வேலை, லீவு போட்டு அழைத்து வந்திருந்தார். எல்லாம் ஒட்டி முடித்தேன். திரையில் பார்த்தால், தலையின் வலப்பக்கம் முன், நடு, பின் என்று ஒட்டிய எஃப்4, சி4, ஓ2 ஆகியவற்றை எம்1-வோடு ஒப்பிட்டு வரையும் மூன்று சேனலும் மார்க்கர் பேனாவால் இழுத்த மாதிரி தடித்து நிற்கின்றன. 50 ஹெர்ட்ஸ், கரண்ட் இரைச்சல். எம்1-ல் இம்பீடன்ஸ், அதாவது தோலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை, நாற்பது கிலோ ஓமுக்கு மேல். மணி பதினொன்றரை, ஆச்சி கண்ணை மூடிவிட்டார். எழுப்ப மனமில்லாமல், 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டி எடுக்கும் நாட்ச் ஃபில்டரைப் போட்டேன். மூன்று கோடும் உடனே மெலிந்து அழகாகிவிட்டன. அந்தப் பக்கம் கெட்டாலும் எம்2-வோடு சேர்ந்த சேனல்கள் இருக்கின்றனவே என்று ஒரு தைரியம் வேறு.

இரண்டரை மணிக்கு ஆச்சி புரண்டு படுத்தார், எம்2 கழன்றுவிட்டது. இப்போதுதானே நன்றாகத் தூங்குகிறார் என்று உள்ளே போகவில்லை. காலையில் ஸ்கோரிங் செய்தவர், அதாவது பதிவைப் பார்த்துத் தூக்க நிலைகளைக் குறிப்பவர், நாட்சை எடுத்துவிட்டுப் பார்த்தார். டிஜிட்டல் பதிவில் பெரும்பாலும் ஃபில்டர் என்பது நாம் பார்க்கிற படத்துக்கு மட்டும்தான், கோப்பில் இருப்பது அசல் சிக்னல். அதில் முழுக்கக் கரண்ட் இரைச்சல், அதற்கு அடியில் ஆச்சி மூச்சு விடுவதற்கும் தலை அசைவதற்கும் ஏற்ப மெதுவாக ஆடுகிற ஆட்டம். அந்த ஆட்டம் நாட்சால் போகாது, ஏனென்றால் அது 50 ஹெர்ட்ஸ் இல்லை, ஆழ்ந்த தூக்கத்தில் வரும் மெதுவான டெல்டா அலையின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் எது, ஒயர் ஆடியது எது என்று பிரிக்கவே முடியவில்லை. திரும்ப ஒரு ராத்திரி வரச் சொன்னோம். ஆச்சி என்னைத் திட்டவில்லை. "தம்பி, நான் திரும்ப வரணும்னா என் மகன் மறுபடி லீவு போடணுமேப்பா" என்றார், அவ்வளவுதான். அந்தக் குரல் இன்னும் மறக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் நீங்களும் நாட்ச் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டீர்கள். சின்ன அலையைப் பெரிதாக்குகிற நம் பெருக்கி ஓர் எலெக்ட்ரோடை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பெருக்குகிறது. சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் உடம்பு முழுவதும் ஒரே அளவில் ஏறுவதால் சி4-லும் எம்1-லும் சமமாக வரும், கழித்தால் போய்விடும். ஆனால் சமமாக வந்தால்தான் போகும். ஒவ்வொரு எலெக்ட்ரோடும் பெருக்கியின் உள்நுழைவுத் தடையோடு சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கு பிரிக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான்.

ஒரு கணக்குப் பாருங்கள். பெருக்கியின் உள்நுழைவுத் தடை 10 மெகா ஓம் என்று வைத்துக்கொள்வோம், உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட் இரைச்சல் 10 மில்லிவோல்ட். சி4-ல் 5 கிலோ ஓம் இருந்தால் அங்கே இழப்பது 0.05 சதவீதம். எம்1-ல் 55 கிலோ ஓம் இருந்தால் 0.55 சதவீதம். வித்தியாசம் அரை சதவீதம், அதாவது 10 மில்லிவோல்ட்டில் 50 மைக்ரோவோல்ட். அது ஒரு மூளை அலையின் அளவு! கழித்தலில் போக வேண்டியது கழியாமல் நின்று, மூளை அலை மாதிரியே உள்ளே வந்துவிடுகிறது. இன்றைய பெருக்கிகளின் தடை இதைவிட அதிகம், அதனால் இரைச்சல் குறையும். ஆனால் எலெக்ட்ரோடுகள் சமமாக இல்லாவிட்டால் எந்தப் பெருக்கியும் முழுசாகக் காப்பாற்றாது.

அதனால்தான் எல்லா எலெக்ட்ரோடும் 5 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட முக்கியம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது. எல்லாம் 8 இருந்தால்கூட ஒரு மாதிரி சமாளித்துவிடலாம், எல்லாம் 3 இருந்து ஒன்று மட்டும் 40 இருந்தால் அந்த ராத்திரி அவ்வளவுதான்.

தடித்த கோடு என்பது தோலிலிருந்து வரும் புகார். நாட்ச் போடுவது ஓதம் ஏறிய சுவரில் வெள்ளையடிக்கிற வேலை, ஓதம் உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். ராத்திரி நடுவில், ஒட்டுவதற்கு வைத்த பேஸ்ட் காய்ந்து எலெக்ட்ரோடு மெல்லக் கிளம்பும்போது முதலில் சொல்வதும் இதே 50 ஹெர்ட்ஸ்தான். அதை அணைத்துவிட்டால் கழன்றது தெரிய வழியில்லை. மோவாயில் ஒட்டித் தசையின் மின்னலையைப் பதியும் இஎம்ஜி சேனலைப் பார்ப்பதே 10-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரையில், நாட்ச் அதற்கு நடுவிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் எங்கே கோளாறு என்று பாருங்கள். ஒரு சேனல் மட்டும் தடித்தால் அந்த எலெக்ட்ரோடு. எம்1-ஐப் பங்கு போடும் சேனல்கள் எல்லாம் தடித்தால் எம்1. திரை முழுக்கத் தடித்தால் கிரவுண்ட் எலெக்ட்ரோடு அல்லது எல்லாச் சேனலுக்கும் பொதுவான ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு. இம்பீடன்ஸ் சோதித்து உறுதி செய்யுங்கள். உள்ளே போங்கள், எலெக்ட்ரோடை எடுங்கள், ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத் தோல் சுத்தம் செய்யும் ஜெல்லைப் பட்ஸில் தொட்டு மெதுவாகத் தேயுங்கள், புதுப் பேஸ்ட் வைத்து ஒட்டுங்கள். மூன்று நிமிட வேலை. ஆள் எழுந்துவிடுவாரே என்று தயங்காதீர்கள், பத்து நிமிடத்தில் திரும்பத் தூங்கிவிடுவார், வீணான ராத்திரியை யாரும் திருப்பித் தர முடியாது. இதையெல்லாம் செய்த பிறகும் கொஞ்சம் இரைச்சல் மிச்சமிருந்தால் நாட்ச் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

போன வாரம்கூடப் புதிய பிள்ளை ஒருவர் என் கண் முன்னாலேயே அந்தப் பொத்தானை அழுத்தினார். எம்1-ஐப் பார்த்தால் 38. பக்கத்தில் உட்கார வைத்து மேலே எழுதிய கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன், அப்புறம் அவரே எழுந்து போய் ஒட்டினார். 4-க்கு வந்தது.

கிரவுண்டை எர்த் என்று நினைப்பது

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம், ஆபத்தும்கூட. நெற்றியில் ஒட்டும் கிரவுண்ட் எலெக்ட்ரோடு உடம்பின் மின்னழுத்தம் எங்கே நிற்கிறது என்று பெருக்கிக்குச் சொல்வதற்காக. மண்ணுக்குள் கரண்டை இறக்குவதற்கு இல்லை.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுக்குப் போய் ஆய்வு எடுக்க நேர்ந்தது. வளவைச் சுற்றி அறைகள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வயரிங் மட்டும் தாத்தா காலத்தது. மூன்று துளை சாக்கெட் இருந்தது, மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயர் இல்லை. எல்லாச் சேனலிலும் இரைச்சல். கூட வந்த பையன் கிரவுண்டிலிருந்து ஒரு வயரை ஜன்னல் கம்பியில் கட்டிவிடலாமா என்று கேட்டான். ஒருக்காலும் செய்யாதீர்கள். அறையில் எந்தக் கருவியில் கரண்ட் கசிந்தாலும் நோயாளியின் தலை வழியாக அந்தக் கம்பிக்கு வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். ஒரு நோயாளிக்கு ஒரே கிரவுண்ட், அதுவும் எலெக்ட்ரோடு வயர்களைச் செருகும், மின்காப்பு உள்ள ஹெட்பாக்ஸில் மட்டும். அன்றைக்கு இம்பீடன்ஸ் எல்லாவற்றையும் இறக்கினோம், கட்டிலுக்கு அடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தலையணைப் பக்கம் சார்ஜில் இருந்த போனையும் அகற்றினோம், லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டினோம். கோடுகள் மெலிந்தன.

வியர்வைக்கு லோ ஃபில்டரை ஏற்றுவது

கத்திரி வெயிலில் கரண்ட் போய் ஏசி நின்றால் அரை மணி நேரத்தில் எல்லாச் சேனலும் அலைமேல் படகு மாதிரி மேலும் கீழும் போகும். வியர்வையில் இருக்கிற உப்பு எலெக்ட்ரோடுக்கு அடியில் மின்னழுத்தத்தை மாற்றுவதால் வருவது. உடனே மெதுவான அலைகளைக் குறைக்கிற லோ ஃபில்டரை 0.3-லிருந்து 1 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் படகு நிற்கும், உண்மைதான். ஆனால் 1 ஹெர்ட்ஸில் வரும் மூளை அலையும் சுமார் 70 சதவீதமாகச் சுருங்கிவிடும். என்3, அதாவது ஆழ்ந்த தூக்கம், என்று சொல்ல முன்பக்கச் சேனலில் 0.5-லிருந்து 2 ஹெர்ட்ஸ் வரையிலான அலை 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்ட வேண்டும், எபோக் எனும் 30 விநாடித் துண்டில் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். 90 இருந்த அலை 64-ஆகத் தெரிந்தால் ஸ்கோரிங் செய்பவர் அதை எண்ண மாட்டார். ஆழ்ந்து தூங்கியவருக்கு ஆழ்ந்த தூக்கமே இல்லை என்று ரிப்போர்ட் போகும். வயதானவர்களுக்கு அலை ஏற்கெனவே சின்னது, அவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். ஃபேனைத் திருப்பி வையுங்கள், போர்வையை எடுங்கள், வியர்வையை ஒற்றி எடுங்கள்.

பேஸ்ட்டை அள்ளி அப்புவது

பக்கத்துப் பக்கத்து எலெக்ட்ரோடுகளின் பேஸ்ட் ஒன்றோடொன்று சேர்ந்தால் இரண்டும் ஒரே எலெக்ட்ரோடு ஆகிவிடும். இம்பீடன்ஸ் அருமையாகக் காட்டும், அதுதான் ஏமாற்று.

தங்கக் கிண்ணத்தையும் வெள்ளிக் கிண்ணத்தையும் கலப்பது

எலெக்ட்ரோடு கிண்ணம் ஒரு தலைக்கு ஒரே உலோகம்.

கண்ணளவில் இடம் பார்ப்பது

டேப் எடுங்கள். தலையை அளந்து எலெக்ட்ரோடு இடங்களைக் குறிக்கும் 10–20 முறை 1958-லிருந்து இருக்கிறது.

விளக்கணைக்கும் முன் சோதனையை அவசரமாக முடிப்பது

கண்ணைத் திறந்து 30 விநாடி, மூடி 30 விநாடி, மேலே கீழே, இடது வலது, ஐந்து தடவை இமைக்க, பல்லைக் கடிக்க. நோயாளி களைத்திருக்கிறார் என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். கண்ணை மூடியதும் பின்தலைச் சேனலில் 8-லிருந்து 13 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா வருகிறதா என்று பாருங்கள். சிலருக்கு இயல்பாகவே ஆல்ஃபா தெளிவாக வராது, அதையும் குறிப்பில் எழுதுங்கள், தூக்கம் எப்போது ஆரம்பித்தது என்று முடிவு செய்ய ஸ்கோரிங் செய்பவருக்கு அது வேண்டும். காலையில் வயரைக் கழற்றும் முன் இந்தச் சோதனையையும் இம்பீடன்ஸையும் இன்னொரு தடவை எடுத்து நேரத்தோடு எழுதிவிடுங்கள். ராத்திரி 4 இருந்த எம்1 காலையில் 25 காட்டினால், எத்தனை மணியிலிருந்து அதை நம்பக் கூடாது என்று பின்னோக்கித் தேட அந்த எண் வேண்டும்.