இடிப்பு வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு வாங்குவது எப்படி? முதலில் ஏ.ஆர். காப்பியைப் படியுங்கள்

என் மச்சான் சென்னையில் பழைய கட்டடம் இடிக்கிற வேலைக்குப் போகிறவர். சன்ஷேடை உடைத்துக்கொண்டிருந்தபோது அது மொத்தமாகப் பெயர்ந்து அவரையும் சேர்த்துக் கீழே தள்ளியதில் வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது. மனு எழுதுவதில் தொடங்கி உத்தரவு வாங்கும் வரை கூடவே இருந்து பார்த்ததை எழுதுகிறேன். ஆதார், பாஸ்புக் நகல் எடுப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. ஆஸ்பத்திரியில் என்ன எழுதினார்கள்?

அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குள் போனதும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது, யார் அழைத்து வந்தது எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். வலியில் மச்சானுக்குப் பேச்சே வரவில்லை, கூட வந்த மேஸ்திரி "வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லியிருக்கிறார், டாக்டரும் அப்படியே எழுதிவிட்டார். போலீஸ் கேஸ் ஆகக்கூடாது என்பதற்காக மேஸ்திரிகள் வழக்கமாகச் சொல்கிற கதை இது. வேலை செய்யும் இடத்தில், வேலையின் காரணமாக அடிபட்டது என்று காட்டினால்தான் இழப்பீடு என்பதால் இந்த ஒரு வரி மொத்த வழக்கையும் கவிழ்த்துவிடும்.

எழுதியதை அப்புறம் மாற்றித் தரமாட்டார்கள், கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை. அதற்குப் பதிலாக வேறு ஆவணங்களைச் சேருங்கள். வார்டில் சேர்த்த பிறகு கேஸ் ஷீட் எழுதும் டாக்டரிடம் நோயாளியே நடந்ததைச் சொல்லலாம், அது டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். 108 ஆம்புலன்ஸில் போயிருந்தால் எங்கிருந்து ஏற்றினார்கள் என்று அவர்களிடம் பதிவு இருக்கும். கூட வேலை பார்த்த ஒருவரின் வாக்குமூலமும் வேண்டும். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அதே ஏ.ஆர். காப்பியின் இன்னொரு வரிதான்: அழைத்து வந்தவர் பெயர். அங்கே மேஸ்திரியின் பெயரே இருந்தது. வீட்டில் வழுக்கி விழுந்தவரை வேலை நேரத்தில் மேஸ்திரி ஏன் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று வக்கீல் கேட்டதற்கு எதிர்த்தரப்பில் பதில் இல்லை.

2. போலீஸ் ஸ்டேஷன்

எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள். "இது லேபர் மேட்டர்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். கட்டடத்தை இடிக்கும்போது கவனக்குறைவாக நடப்பதற்கென்றே பாரதிய நியாய சன்ஹிதாவில் 290 என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதைப் புகாரில் எழுதிவிடுங்கள்.

3. யார்மீது மனு?

இடிப்பு வேலையில் இதுதான் சிக்கல். கதவு, ஜன்னல், கம்பி, செங்கல் எல்லாம் காண்ட்ராக்டருக்கே என்றுதான் பெரும்பாலும் பேசுகிறார்கள், அதனால் "கட்டடத்தையே கொடுத்துவிட்டேன், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று உரிமையாளர் கையை விரிப்பார். இடத்தை எடுத்தவர் பில்டர் என்றால் 1923 ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12 ஆம் பிரிவில் அவரையும் பிடிக்கலாம், ஏனென்றால் அது அவர் தொழிலின் பகுதி. குடியிருக்கிற வீட்டை இடிக்கக் கொடுத்த சாதாரண ஆளை அந்தப் பிரிவில் கொண்டுவருவது கஷ்டம். மேஸ்திரி, காண்ட்ராக்டர், பில்டர் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே என் கட்சி. மேஸ்திரியை மட்டும் போட்டால், ஜெயித்த பிறகு அவரிடம் வாங்க ஒன்றும் இருக்காது.

4. கூலிக்கு ஆதாரம்

சம்பள ரசீது யாரிடமும் கிடையாது. ஜிபே வரவு, மேஸ்திரியின் வாட்ஸ்அப் வாய்ஸ், ஆள் கணக்கு நோட்டின் போட்டோ, இவைதான் ஆதாரம். போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தேதி, இடத் தகவல் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் டிரைவில் போடுங்கள். எனக்கு ஸ்கேன் ஆப் எதுவும் பிடிக்காது, ஜெராக்ஸ் கடையில் முப்பது ரூபாய் கொடுத்தால் சுத்தமாக வந்துவிடும். மருந்து பில்களின் ஒரிஜினலைத் தொலைக்காதீர்கள், சிகிச்சைச் செலவு இழப்பீட்டுக்கு மேல் தனியாக வரவேண்டியது.

5. மனு

முதலில் காண்ட்ராக்டருக்கு ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். பிறகு தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் மனு. விபத்து நடந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வேலைக்காகச் சென்னை வந்து, அடிபட்டு ஊருக்குத் திரும்பியவர்களுக்கு இது பெரிய உதவி. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 இல் கூப்பிடுங்கள்.

6. எவ்வளவு வரும்?

முழு நிரந்தர ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் (சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் தந்திருக்கும் எண்) பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு (2020 ஜனவரி முதல், அதற்கு முன் 8,000). 35 வயதுக்குக் காரணி 197.06. ஆக 9,000 பெருக்கல் 197.06, அதாவது 17,73,540 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனது என்றால் அதில் 40 சதவீதம், 7,09,416.

இந்தச் சதவீதத்தில்தான் ஏமாற்றுவார்கள். டாக்டர் தருகிற உடல் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சருக்கு 100 சதவீத இழப்பு என்று 1975 இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஒரு கையால் அவர் தச்சு வேலை செய்ய முடியாதல்லவா. சுவர்மேல் ஏறி நின்று சம்மட்டி அடிக்கிறவருக்குக் கணுக்கால் மடங்காது என்றால் என்ன அர்த்தம் என்பதை டாக்டர் சாட்சியத்திலேயே சொல்லவைக்க வேண்டும். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் 12 சதவீத வட்டியும் உண்டு, அதையும் மனுவில் கேளுங்கள்.

7. பத்திரத்தில் கையெழுத்து

ஐம்பதாயிரத்தை நீட்டி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பத்திரத்தில் கையெழுத்து கேட்பார்கள். போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டாலும் பயப்பட வேண்டாம், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் அதே 1923 சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி செல்லாது.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

"ஹெல்மெட் போடவில்லை என்று தட்டிக்கழிக்கிறார்களே?" வெறும் கவனக்குறைவைக் காட்டி மறுக்க முடியாது. கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே ஒதுக்கினார் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும், முதலில் ஹெல்மெட் கொடுத்திருக்க வேண்டுமே.

சித்தாளாகப் போன அம்மாவுக்கு அடிபட்டதாக ஒருவர் கேட்டிருந்தார். பெண் தொழிலாளிக்கு மொத்தமாகத் தரும் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்டவேண்டும், காண்ட்ராக்டர் கையில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது.

2023 ஜனவரியில் சென்னை அண்ணா சாலையில் இடிப்பின்போது சுவர் நடைபாதையில் சரிந்து ஒரு இளம்பெண் இறந்தாரே, அந்த மாதிரி வழிப்போக்கர்களுக்கும் இது பொருந்துமா என்றும் கேட்டார்கள். பொருந்தாது. அவர்கள் சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்க வேண்டும்.

இன்னொன்று, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து 1923 சட்டம் அதற்குள் போய்விட்டது. மேலே சொன்ன 1923 சட்டத்தின் பிரிவு எண்கள் அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்கானவை. அதற்குப் பிறகு அடிபட்டவர்கள் பழைய படிவத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல், அலுவலகத்தில் எந்தப் படிவம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.