இரவு 11 மணிக்குப் பிறகும் கடை திறந்திருக்கலாமா? கடைக்காரருக்கும் மேல்மாடிக்காரருக்கும்

இங்கிலாந்துக்கு வந்து இறங்கும் தமிழரில் பலருக்கு முதல் வேலையோ முதல் வீடோ ஒரு டேக்அவே கடையோடு சேர்ந்தே வருகிறது. ஒன்று, கடையின் சமையலறையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பீர்கள். அல்லது கடைக்கு மேலே உள்ள அறையில் வாடகைக்கு இருப்பீர்கள். எனக்கு இரண்டும் வாய்த்தன. என்றாவது ஒரு நாள் கடைக்காரர் கூடுதல் நேரம் திறந்திருக்க அனுமதி கேட்பார். அப்போது நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், முடிவில் உங்கள் சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. வந்த புதிதில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம். 2005 நவம்பர் 24 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டங்கள் வேறு. அங்கே இருப்பவர்கள் தங்கள் கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றத்திடம்) கேட்டுக்கொள்ளுங்கள். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சூடான உணவையோ சூடான பானத்தையோ பொதுமக்களுக்கு விற்க உரிமம் வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். 11 மணிக்கு முன்பு கொத்து ரொட்டி விற்பதற்கு இந்த உரிமம் தேவையில்லை. 11 மணிக்குப் பிறகு குளிர்ந்த சாண்ட்விச் விற்பதற்கும் தேவையில்லை. ஆனால் கதவைப் பூட்டிவிட்டு டெலிவரி மட்டும் செய்தாலும், உணவு சூடாகப் போகிறது என்றால் உரிமம் கட்டாயம். “ஷட்டரை இறக்கிவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லை” என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்களை நான் அறிவேன். உரிமம் இல்லாமலோ, உரிமத்தில் எழுதியிருக்கும் நேரத்தைத் தாண்டியோ விற்றால் உச்சவரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்ந்து கிடைக்கலாம்.

ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர் நேரத்தைக் கூட்ட வேண்டுமானால், உரிமத்தில் மாற்றம் கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கடையின் வரி மதிப்பைப் பொறுத்தது. ஆகக் குறைந்த பிரிவுக்கு 100 பவுண்டு, அடுத்த பிரிவுக்கு 190 பவுண்டு என்று அது ஏறிக்கொண்டே போகும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து 28 நாட்களுக்கு ஒரு வெளிர்நீலத் தாளில் அறிவிப்பைக் கடையின் முகப்பில் ஒட்டி வைக்க வேண்டும். தாள் குறைந்தது ஏ4 அளவில் இருக்க வேண்டும். எழுத்து கறுப்பாக, 16 புள்ளி அளவுக்குக் குறையாமல், வெளியே நின்று படிக்கும்படி இருக்க வேண்டும். அதை மெனு அட்டைக்குப் பின்னால் பாதி மறைத்து ஒட்டாதீர்கள். அறிவிப்பு ஒழுங்காக இல்லை என்று தெரியவந்தால் 28 நாட்களையும் முதலிலிருந்து எண்ண வேண்டி வரலாம். இதுதவிர உள்ளூர்ப் பத்திரிகையிலும் ஒரு விளம்பரம் கொடுக்க வேண்டும்.

மேல்மாடியில் இருப்பவர்களே, அந்த நீலத் தாளைக் கண்டால் நின்று படியுங்கள். மிக முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்த 28 நாட்களுக்குள் பொருத்தமான கருத்து எதுவும் எழுத்தில் வராவிட்டால், கேட்ட நேரத்தைக் கவுன்சில் கொடுத்தே ஆக வேண்டும். யாரும் ஆராய மாட்டார்கள், விசாரணையும் கிடையாது. போலீசும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். அவர்களுக்கு உங்கள் படுக்கையறை ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

எழுதுவதற்கு நீங்கள் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, வீட்டுக்குச் சொந்தக்காரராகவும் இருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம். இதற்கும் உங்கள் விசாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்: பொதுவாக உங்கள் பெயரும் முகவரியும் விண்ணப்பித்தவருக்குப் போகும். அதில் உண்மையான அச்சம் இருந்தால், எழுதும் முன்பே கவுன்சிலின் லைசென்சிங் பிரிவுடன் பேசுங்கள்; மிகவும் அரிதாக, விவரங்களை மறைத்து அனுப்ப அவர்களுக்கு வழியுண்டு. சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிடம் சொல்லி, அவர்கள் பெயரில் அதை எழுப்பச் சொல்வதும் ஒரு வழி.

எதை எழுதுவது? சட்டம் நான்கு நோக்கங்களை மட்டுமே பார்க்கச் சொல்கிறது: குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுப்பது, பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத்தொல்லையைத் தடுப்பது, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. “இந்தத் தெருவில் ஏற்கெனவே நான்கு கடைகள் இருக்கின்றன, ஐந்தாவது எதற்கு” என்பது இந்த நான்கில் எதிலும் சேராது. வீட்டின் விலை குறையும் என்பதும் சேராது. போட்டிக் கடைக்காரர் தன் வியாபாரம் போய்விடும் என்று எழுதினால் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். அவரே, தன் வாசலில் நடக்கும் அடிதடியைப் பற்றி ஆதாரத்தோடு எழுதினால் அதைப் படித்தாக வேண்டும்.

பொருத்தமான கருத்து ஒன்று வந்துவிட்டால், இரு தரப்பும் சமாதானமாகப் போகாத பட்சத்தில், 28 நாள் முடிந்து 20 வேலை நாட்களுக்குள் விசாரணை வைக்க வேண்டும். வழக்கமாக மூன்று கவுன்சிலர்கள் கொண்ட துணைக்குழு அதை நடத்தும். நான் போன விசாரணையைச் சொன்னால் உங்களுக்கு அதன் போக்கு புரியும்.

நான் வேலை செய்த கடையின் முதலாளி, வாரம் முழுவதும் அதிகாலை 3 மணி வரை நேரம் கேட்டிருந்தார். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது என்று மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனார். வழக்கறிஞர்தான் வர வேண்டும் என்றில்லை. உங்களுக்காகப் பேச நண்பரையோ பிள்ளையையோ அழைத்துப் போகலாம். நாங்கள் வருகிறோம், இன்னார் கூட வருகிறார் என்று ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே எழுதிச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்த்து எழுதியிருந்தவர் மேல்மாடியில் இருந்த தமிழ் அக்கா. இரண்டு சின்னப் பிள்ளைகள் அவருக்கு. முதலாளி எழுந்து, பத்து வருடமாக வியாபாரம் செய்கிறேன், ஒரு புகாரும் வந்ததில்லை, எங்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது என்றார். நான் மொழிபெயர்த்தேன். அக்காவின் முறை வந்தபோது அவர் பிள்ளையின் பள்ளிக் கொப்பி ஒன்றைத் திறந்தார். அதன் நகலை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். விசாரணை அன்று புதிதாக ஒரு தாளை நீட்டினால், மற்றத் தரப்பும் சம்மதித்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அவர் வாசித்தது இப்படி: வெள்ளி, இரவு 12.50, இரண்டு மோட்டார் சைக்கிள்கள், இன்ஜினை அணைக்காமல் ஆறு நிமிடம். சனி, 1.15, புகை உறிஞ்சும் விசிறி இன்னும் ஓடுகிறது, சின்னவன் எழுந்துவிட்டான். இப்படி ஐந்து வாரங்கள். குரலை உயர்த்தவே இல்லை.

தலைவராக இருந்த கவுன்சிலர் முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். டெலிவரிக்காரர்கள் எங்கே நின்று காத்திருக்கிறார்கள்? முதலாளிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பின்கதவில் நின்று பைகளை எடுத்துக் கொடுப்பவன் நான்தான். அந்தக் கதவுக்கு நேர் மேலே இருப்பது அக்காவின் ஜன்னல். இத்தனை மாதம் அங்கே நின்றும் நான் ஒரு முறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது. முதலாளியின் காதில் சொன்னேன். அவர் மறைக்காமல், அதை அப்படியே சொல்லச் சொன்னார்.

முடிவு எழுத்தில் வந்தது. ஞாயிறு முதல் வியாழன் வரை 1 மணி, வெள்ளியும் சனியும் 2 மணி. 11 மணிக்குப் பிறகு டெலிவரிப் பைகளை முன்பக்கக் கவுண்டரில் மட்டுமே கொடுக்க வேண்டும்; காத்திருக்கும்போது இன்ஜினை அணைக்க வேண்டும்; இரவில் குப்பைப் பைகளை வெளியே கொண்டு போகக்கூடாது; வாசலைச் சுற்றிக் கிடக்கும் தாள், பெட்டிகளைப் பொறுக்கிவிட்டுத்தான் கடையைப் பூட்ட வேண்டும். முதலாளிக்கு 3 மணி கிடைக்கவில்லை, அக்காவுக்கு 11 மணி கிடைக்கவில்லை. அந்த மூன்று கவுன்சிலர்களும் நியாயமாகவே நடந்துகொண்டார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

அக்காவின் கொப்பி ஏன் அவ்வளவு எடுபட்டது என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் உண்டு. 2008இல் டேனியல் த்வெய்ட்ஸ் நிறுவனத்தின் வழக்கில் உயர் நீதிமன்றம், விர்ரல் பகுதி மாஜிஸ்திரேட்டுகள் ஒரு பப்பின் நேரத்தைக் குறைத்து எடுத்த முடிவை ரத்து செய்தது. அந்த பப் ஏற்கெனவே நீண்ட நேரம் இயங்கி, பெரிய பிரச்சினை எதுவும் எழவில்லை என்பதைக் கணக்கில் கொள்ளாமல், என்ன நடக்குமோ என்ற அச்சத்தின் மேல் முடிவெடுத்தது தவறு என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே எதிர்ப்பவர் வெறும் பயத்தை எழுதினால் அதற்கு எடை குறைவு. தேதியும் மணியும் போட்டு எழுதுங்கள். முடிந்தால் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே மாதிரியான மனுவைவிட, ஒரு வீட்டின் ஐந்து வாரக் குறிப்புக்கு வலு அதிகம் என்பது என் அனுபவம்.

கடைக்காரருக்கும் இதே தீர்ப்பு உதவும். நேரத்தைக் கூட்டிக் கேட்கும் முன், தற்காலிக நிகழ்வு அறிவித்தல் (உரிமத்தில் இல்லாத நேரத்தில் சில நாட்கள் மட்டும் திறக்கக் கவுன்சிலுக்குக் கொடுக்கும் அறிவிப்பு) கொடுத்துச் சில இரவுகள் திறந்து பாருங்கள். 21 பவுண்டு கட்டணம். பத்து வேலை நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். அந்த இரவுகளில் என்ன நடந்தது என்று பதிவேட்டில் எழுதி வையுங்கள். நிபந்தனைகளைக் கவுன்சில் போடும்வரை காத்திராமல் நீங்களே விண்ணப்பத்தில் எழுதுங்கள், அதுவும் சரிபார்க்கக்கூடிய சொற்களில். “சத்தத்தைக் குறைப்போம்” என்பது யாருக்கும் உதவாது. “நள்ளிரவுக்குப் பிறகு பின்கதவு திறக்கப்படாது” என்றால் ஒரு அதிகாரி வந்து பார்த்துச் சொல்ல முடியும். கடை இருக்கும் பகுதி, இரவுக் கடைகள் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்று கவுன்சில் அறிவித்த பகுதியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தால் நீங்கள் ஏறவேண்டிய மலை இன்னும் செங்குத்தானது.

புதிதாகக் கடை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விழும் குழி இது: பிளானிங் அனுமதி (கட்டடத்தை எதற்கு, எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கான அனுமதி) தனி, லைசென்ஸ் தனி. லைசென்ஸில் 2 மணி என்றும் பிளானிங்கில் 11.30 என்றும் இருந்தால், 11.30க்கே மூட வேண்டும். கையெழுத்திடும் முன் இரண்டு தாள்களையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். 2017 ஏப்ரல் முதல், இந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை இல்லாத ஒருவர் பெயரில் இந்த லைசென்ஸ் வழங்கப்படுவதில்லை. விசா நிபந்தனை ஒத்துவராத ஒருவர் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முடிவு பிடிக்காவிட்டால், அது எழுத்தில் கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையிடலாம். விண்ணப்பித்தவருக்கும் எழுதி எதிர்த்தவருக்கும் இந்த உரிமை உண்டு. செலவு யார் தலையில் விழும் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும் என்பதால், ஆலோசனை கேட்காமல் இறங்காதீர்கள். நேரம் கிடைத்த பிறகு கடைக்காரர் நிபந்தனைகளை மீறினால், உரிமத்தை மறுபரிசீலனை செய்யும்படி எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அக்கா அந்தக் கொப்பியைத் தூக்கி எறியவில்லை. முதலாளியும் மறுநாளே மாடிக்குப் போய்த் தன் கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த எண்ணுக்கு அக்கா அழைத்தது, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு முறை. விசிறியை நிறுத்த மறந்திருந்தேன்.