தெக்குவானி: மெக்சிகோவின் ஆட்டப் புலி முகமூடியைக் காகிதத்தில் செய்யும் முறை

மெக்சிகோவின் தெற்கே உள்ள கெரேரோ மாநிலத்தில் ஆடப்படும் தெக்குவானி ஆட்டத்தில், கால்நடைகளைக் கொன்று தின்னும் ஜாகுவார் ஒன்றை வேட்டைக்காரர்கள் நாயோடு துரத்திப் பிடிக்கிறார்கள். நாவா மொழியில் தெக்குவானி என்றால் ஆளைத் தின்பது என்று பொருள். ஸ்பானிய மொழி பேசும்போது அங்குள்ளவர்கள் அந்த விலங்கைப் புலி என்றே சொல்கிறார்கள். அதே மாநிலத்தின் சித்லாலா ஊரில், மே மாதத் தொடக்கத்தில், ஆடவர்கள் தடித்த தோலால் ஆன புலித்தலையை மாட்டிக்கொண்டு, இறுக முறுக்கிய கயிற்றால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். மண்ணில் சிந்தும் ரத்தம் மழைக்கான காணிக்கை. முகமூடி அணிபவர் ஓடுகிறார், குதிக்கிறார், அடியும் வாங்குகிறார். ஆகவே அழகைவிட அவருடைய பார்வையையும் மூச்சையும் முதலில் நினைத்தே நாம் வேலையைத் தொடங்க வேண்டும்.

மரத்தில் செதுக்கும் கலைஞர்கள் பலர் சொம்பான்த்லே என்னும் இலேசான மரத்தை விரும்புகிறார்கள். அது நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கையின் இனம் என்று அறிந்த நாளிலிருந்து அந்த முகமூடிகள்மீது எனக்குத் தனி ஒட்டுதல் ஏற்பட்டது. ஆனால் செதுக்கும் கை பழக ஆண்டுகள் ஆகும். அதனால், குவானாஹுவாத்தோ மாநிலத்தின் செலாயா நகரக் கைவினைஞர்கள் அச்சின்மீது தாளை ஒட்டிச் செய்யும் வழியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், ஒரு பலகையின்மேல் களிமண்ணால் புலிமுகத்தை உங்கள் முகத்தைவிட இரண்டு விரற்கடை அகலமாகப் பிடியுங்கள். நெற்றி சற்றுத் தட்டையாகவும், மூக்கும் வாயும் நன்கு முன்தள்ளியும், வாய் திறந்தும் இருக்கட்டும். மண் ஈரம் சுண்டியதும் மேலே வாஸ்லைன் தடவுங்கள்.

அடுத்து பசை. ஒரு பங்கு மைதாவைக் கட்டியில்லாமல் ஐந்து பங்கு நீரில் கரைத்து, கண்ணாடி போல் பளபளக்கும்வரை சிறுதீயில் கிளறி ஆறவிடுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, முகத்தில் அணியும் பொருளுக்கு வேண்டாம்.

தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்பதால் அது அடுத்த துண்டோடு தடயமின்றிப் படியும். கத்தரித்த ஓரமோ வண்ணம் பூசிய பிறகும் கோடாகத் தெரியும். ஒரு அடுக்குக்குச் செய்தித்தாள், அடுத்ததற்குக் காக்கித்தாள் என மாற்றி மாற்றி ஆறு அடுக்குகள் ஒட்டினால், எங்கே விடுபட்டிருக்கிறது என்பதை நிறமே காட்டிக்கொடுக்கும். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை நிழலில் காயவிடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்த என் முதல் முகமூடியின் தாடை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது.

நன்றாகக் காய்ந்ததும் மண்ணிலிருந்து மெல்ல நெம்பி எடுத்து, ஓரத்தைச் சீராக்குங்கள். அட்டையில் காதுகளை வெட்டி, இரண்டு அடுக்குத் தாளால் பொருத்துங்கள்.

இனி கண்கள். கெரேரோவின் புலிமுகங்கள் பலவற்றில் கண்ணின் இடத்தில் வட்டக் கண்ணாடி பதித்திருப்பார்கள். ஆடுபவர் அசையும்போதெல்லாம் அதில் வெயில் பட்டுத் தெறிக்கும். அப்படியானால் அவர் எதன் வழியே பார்ப்பது? திறந்த வாயின் வழியே. முகமூடியை முகத்தில் வைத்துப் பார்த்து, பல்வரிசைக்கு நடுவே உங்கள் கண்ணுக்கு நேரான இடத்தைப் பென்சிலால் குறித்து, அகலமாக வெட்டுங்கள். மூச்சுவிட, உங்கள் மூக்குக்கு நேராகவும் இரண்டு துளைகள் இடுங்கள். புலியின் கண்களுக்கு, துணியில் தைக்கும் சிறு கண்ணாடிகளை, அவற்றின் ஓரம் கீறாதபடி தாள்நாடாவால் சுற்றி ஒட்டினால் போதும்.

மஞ்சள் அக்ரிலிக் வண்ணத்தை இரண்டு முறை பூசி, காய்ந்தபின் கருப்பால், இடையிடையே விடுபட்ட வளையங்களை இடுங்கள். சில வளையங்களுக்குள் ஒரு புள்ளி வையுங்கள். சிறுத்தையிலிருந்து ஜாகுவாரைப் பிரித்துக்காட்டுவது அந்தப் புள்ளிதான். மீசைக்கு அங்கே காட்டுப்பன்றியின் மயிரைச் செருகுவார்கள். பழைய பெயின்ட் பிரஷின் முரட்டு மயிரே நமக்குப் பொருந்தும். நாக்கைச் சிவப்புத் தோல்துண்டில் வெட்டி, பார்வையை மறைக்காதபடி கீழ்த்தாடையில் ஒட்டுங்கள்.

கடைசியாக உட்புறம் நெற்றியிலும் கன்னங்களிலும் பஞ்சு வைத்த துணி ஒட்டி, காதுகளுக்குச் சற்று மேலே துளையிட்டு நாடா கோத்துவிடுங்கள். தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு முகமூடியைக் கட்டி, பத்து முறை குதித்து, குனிந்து, சட்டெனத் திரும்பிப் பாருங்கள். தரையில் உங்கள் பாதம் தெரியவில்லையென்றால் வாயின் திறப்பைக் கீழ்ப்பக்கம் இன்னும் அரை விரற்கடை வெட்டி, மறுபடியும் குதியுங்கள்.