அலுவலக மென்பொருளில் ஏஐ உதவியாளர்: ஊழியர்களைப் பழக்குவது எப்படி

மின்னஞ்சல், விரிதாள், கூட்டச் செயலி என அலுவலகத்தில் அன்றாடம் திறக்கும் மென்பொருள்கள் பலவற்றில் இப்போது ஏஐ உதவியாளர் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கோபைலட், கூகுளின் ஜெமினி போன்றவற்றுக்கு உரிமம் வாங்கிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரச் செயல்விளக்கம் ஒன்றை நடத்திவிட்டு, பயிற்சி முடிந்ததாகக் குறித்துக்கொள்கின்றன. அந்த விளக்கத்தில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஆனால், வந்த விடையை நம்பலாமா, எந்த வேலையை இதனிடம் தரலாம், எதைத் தரக்கூடாது என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காது. கேட்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் சரிபார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

பயிற்சிக்கு முன் முடிக்க வேண்டியவை

முதல் வேலை ஊழியர்களுடையது அன்று, தகவல் தொழில்நுட்பப் பிரிவினுடையது. நிறுவனக் கோப்புகளோடு இணைந்து இயங்கும் உதவியாளர், கேட்பவருக்குத் திறக்க அனுமதியுள்ள கோப்புகளிலிருந்துதான் விடை தருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், சம்பளப் பட்டியல் ஒன்று ‘நிறுவனத்தில் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அனுமதியோடு பொதுக் கோப்புறையில் பல ஆண்டுகளாகக் கிடந்தால், அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததே இதுவரை அதற்குக் காவலாக இருந்திருக்கும். உதவியாளர் வந்தபின் அந்தக் காவல் இல்லை. யாரோ ஒருவர் சம்பள உயர்வைப் பற்றி இயல்பாக ஒரு கேள்வி கேட்டால், அந்தப் பட்டியல் விடையில் வந்து நிற்கக்கூடும். ஆகவே பகிர்வு அனுமதிகளைச் சீர்செய்யாமல் பயிற்சித் தேதியை அறிவிக்க வேண்டாம்.

அடுத்தது, எந்தக் கணக்கில் எதை ஒட்டலாம் என்ற விதி. 2023இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் மூலநிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்தபின், அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை விதித்தது. வேலையை விரைவாக முடிக்க எண்ணும் எவரும் செய்யக்கூடிய செயல்தான் அது. விதி ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்: நிறுவனம் தந்த கணக்கில் மட்டுமே வேலை, தனிப்பட்ட இலவசக் கணக்கில் வாடிக்கையாளர் விவரமோ ஒப்பந்தமோ நிரலோ கூடாது, ஐயம் இருந்தால் கேட்க வேண்டியவர் இன்னார். இருபது பக்கக் கொள்கை ஆவணத்தை யாரும் படிப்பதில்லை என்பதால், அதை எழுதியவர்களைத் தவிர வேறு எவருக்கும் அதனால் பயனில்லை.

எந்த வேலையிலிருந்து தொடங்குவது

அனைவரையும் ஓர் அரங்கில் அமர்த்திப் பொதுவாகப் பேசுவதைவிட, ஒவ்வொரு குழுவும் வாரந்தோறும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளை அவர்களையே எழுதித் தரச் சொல்லி, அவற்றிலிருந்து இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விடை சரியா தவறா என்று செய்பவரே உடனே சொல்லக்கூடிய வேலையாக அது இருக்க வேண்டும். பழகிய மின்னஞ்சலுக்குப் பதில் வரைவு, கூட்டக் குறிப்பு, ஒழுங்கற்ற பட்டியலை அட்டவணையாக்குதல் ஆகியவை இந்த வகை. புதிய சட்ட விதியை விளக்குவதும் சந்தை நிலவரத்தைக் கணிப்பதும் இதில் சேரா.

இந்த அளவுகோலுக்குக் காரணம் உண்டு. 2023இல் 758 மேலாண்மை ஆலோசகர்களை வைத்து நடந்த ஆய்வொன்றில், கருவியின் திறனுக்குள் அடங்கிய வேலைகளை ஏஐ பயன்படுத்தியவர்கள் விரைவாகவும் தரமாகவும் முடித்தார்கள். ஆனால், அந்தத் திறனுக்கு அப்பாற்பட்டதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வேலையில், ஏஐ பயன்படுத்தியவர்கள் சரியான விடைக்கு வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட 19 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. எந்த வேலை எந்தப் பக்கம் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு இடத்திலும் விடை ஒரே சரளத்தோடுதான் வருகிறது.

முதல் அமர்வு: தவறைக் கண்டுபிடிக்கும் பயிற்சி

முதல் அமர்வைக் கருவியின் வெற்றிகளோடு தொடங்காமல், பிழையுள்ள விடை ஒன்றைக் கையில் கொடுத்துத் தொடங்கலாம். கூட்டத்தில் ஒருவர் இப்படிப் பேசியதாக வைத்துக்கொள்வோம்: “பதினைந்தாம் தேதிக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கணக்குப் பிரிவு ஒப்புதல் கொடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.” உதவியாளர் தரும் குறிப்பு இது: “முடிவு: பணி 15ஆம் தேதிக்குள் நிறைவடையும். பொறுப்பு: கணக்குப் பிரிவு.” இரண்டையும் அருகருகே வைத்து, என்னென்ன மாறியிருக்கிறது என்று ஊழியர்களைக் கோடிடச் சொல்லுங்கள். எண்ணம் முடிவாகிவிட்டது, நிபந்தனை காணாமல் போய்விட்டது, ஒப்புதல் தர வேண்டியவர்கள் வேலையை முடிக்க வேண்டியவர்களாகிவிட்டார்கள். தேதி என்னவோ சரியாகத்தான் இருக்கிறது, அதனால்தான் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் மற்ற மூன்றும் படுவதில்லை. இந்தக் குறிப்பு மின்னஞ்சலில் சுற்றுக்குப் போனால், மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்து என்ன பதில் வரும் என்பதையும் பேசவிடுங்கள்.

இதன் காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்த உதவியாளர்களை இயக்கும் மொழி மாதிரி என்பது அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்து வாக்கியம் அமைக்கும் முறை. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் அதன் குரலில் வேறுபாடு இருப்பதில்லை. 2023 ஜூனில் நியூயார்க்கில் நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த வழக்குகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. பயிற்சியில் சொல்ல வேண்டிய பகுதி அபராதம் அன்று. அவர்களுள் ஒருவர் அந்த வழக்குகள் உண்மையானவையா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார். உண்மையானவைதான் என்று அதுவும் சொல்லியிருந்தது. கருவியின் விடையை அதே கருவியைக் கொண்டு சரிபார்ப்பது சரிபார்ப்பு ஆகாது.

எனவே ஊழியர்களுக்குப் பழக்கமாக வேண்டியவை இவை: பெயர், எண், தேதி ஒவ்வொன்றையும் மூல ஆவணத்தோடு ஒப்பிடுவது, விடையோடு மேற்கோள் இணைப்பு வந்தால் அதைத் திறந்து, அந்த வரி அங்கே இருக்கிறதா என்று பார்ப்பது, இருக்க வேண்டிய எது விடுபட்டிருக்கிறது என்று தேடுவது. மூன்றாவதுதான் கடினம், ஏனெனில் இல்லாததைக் காண, வேலையை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

கேட்கும் முறை

இதன் பிறகே பிராம்ப்ட், அதாவது உதவியாளருக்குத் தரும் கேள்வி அல்லது கட்டளை, எழுதும் பயிற்சி. ‘சிறந்த நூறு பிராம்ப்டுகள்’ வகைப் பட்டியல்களை விநியோகிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அவை யாருடைய வேலைக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. உண்மையான ஒரு வேலையை எடுத்து அதைத் திருத்தித் திருத்தி எழுத வைப்பதே பலன் தரும். “இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுது” என்றால், கருவி தாராளமாக வாக்குறுதி அளித்துவிடக்கூடும். அதையே இப்படிக் கேட்கலாம்: “சரக்கு தாமதம் குறித்து இந்த வாடிக்கையாளர் இரண்டாம் முறையாக எழுதியிருக்கிறார். வருத்தம் தெரிவித்து, புதிய தேதியை நாளை மாலைக்குள் சொல்வோம் என்று எழுது. இழப்பீடு பற்றி எதுவும் சொல்லாதே. ஆறு வரிக்குள், மரியாதையான நடையில்.” பின்னணி, நோக்கம், எல்லை, வடிவம் ஆகிய நான்கும் இதில் உள்ளன. அவற்றுள் எல்லையைச் சொல்வதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

விரிதாளில் ஒரு சிறு மாற்றம் பெரிய வேறுபாட்டைத் தரும். மொத்தத்தையோ சராசரியையோ நேரடியாகக் கேட்பதைவிட, அதைக் கணக்கிடும் சூத்திரத்தை எழுதித் தரச் சொல்லி, விடை முன்பே தெரிந்த பத்து வரிசைகளில் அதை ஓட்டிப் பார்ப்பது பாதுகாப்பானது. சூத்திரத்தை நாளையும் இன்னொருவர் சோதிக்கலாம். நீண்ட ஆவணங்களில் நடுப்பகுதியில் உள்ள செய்திகள் தவறிப்போகக்கூடும் என்பதால், முழு ஒப்பந்தத்தையும் ஒரே கேள்வியில் அடக்காமல் பிரிவு பிரிவாகக் கேட்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் மின்னஞ்சலிலும் கோப்பிலும் உதவியாளரையே ஏமாற்றும் கட்டளைகள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளிந்திருக்கலாம். பயன்பாட்டுப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, மொழி மாதிரிகளுக்கான அபாயப் பட்டியலில் இதைத்தான் முதலிடத்தில் வைத்திருக்கிறது. ஊழியர்களுக்கு இதன் தொழில்நுட்பம் தேவையில்லை. வெளி மின்னஞ்சலின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பணம் அனுப்புவதோ வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவதோ கூடாது, மூல மின்னஞ்சலைப் படித்து வேறு வழியில் உறுதிசெய்ய வேண்டும் என்ற ஒரு விதி போதும்.

யாருக்கு எவ்வளவு

முதல் அமர்வுக்கு ஒன்றரை மணி நேரமும், அதன்பின் ஒரு மாதம் வாரந்தோறும் அரை மணி நேரமும் ஒதுக்கினால் போதுமானது. வாராந்தர அமர்வில் பாடம் வேண்டாம். அந்த வாரம் எது உதவியது, எது சொதப்பியது என்று ஒவ்வொருவரும் திரையில் காட்டிப் பேசினால் போதும். இதை நடத்துபவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது.

அனைவருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் 5,000க்கும் மேற்பட்டோரின் வேலையை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டு ஆய்வறிக்கை, உதவியாளரால் உற்பத்தித்திறன் சராசரியாக 14 சதவீதமும், புதியவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் 34 சதவீதமும் உயர்ந்ததாகவும், அனுபவம் மிக்கவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை என்றும் கண்டது. மூத்தவர்கள் ஆர்வம் காட்டாததைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டியதில்லை. அவர்களை நல்ல விடை எப்படி இருக்க வேண்டும் என்ற மாதிரியை எழுதித் தரச் சொல்லலாம். புதியவர்கள் சில வேலைகளையாவது உதவியாளர் இல்லாமல் முழுமையாகச் செய்து பழக வேண்டும். இல்லையேல் அதன் பிழையைப் பிடிக்கும் அறிவு அவர்களிடம் உருவாகாது.

பயன்பாட்டுத் தரவை நிர்வாகம் எதற்கு வைத்துக்கொள்ளும், வேலை நீக்கத்துக்கும் இதற்கும் தொடர்புண்டா என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் எத்தனை முறை பயன்படுத்தினார் என்பதைச் சாதனையாக எண்ணத் தொடங்கினால், தேவையில்லாத இடத்திலும் பயன்படுத்துவார்கள். வரைவைத் திருத்த எடுத்த நேரம், வெளியே போன பிழை, மீண்டும் செய்ய நேர்ந்த வேலை ஆகியவற்றைக் கணக்கிடுவதே பொருத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இயங்கும் நிறுவனங்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்குள்ள ஏஐ சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஊழியர்களின் ஏஐ அறிவை உறுதிசெய்யும் பொறுப்பை நிறுவனங்கள்மீது சுமத்தி, 2025 பிப்ரவரி 2 அன்று நடைமுறைக்கு வந்தது. பயிற்சிப் பதிவுகளைத் தேதியோடு சேமிப்பது அவர்களுக்கு உதவும்.

இந்தக் கருவிகள் அடிக்கடி மாறுகின்றன. முன்பு செய்ய முடியாததை இன்று செய்யும், நன்றாகச் செய்ததைப் புதிய பதிப்பில் மோசமாகச் செய்யவும் கூடும். அதனால் முதல் அமர்வில் பயன்படுத்திய கூட்ட உரையையும் சரியான குறிப்பையும் பத்திரப்படுத்தி, பெரிய புதுப்பிப்பு வரும்போதெல்லாம் அதே உரையை மீண்டும் கொடுத்துப் பார்க்கும் பொறுப்பைக் குழுவில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். விடை மாறியிருந்தால், விதித்தாளில் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பதை அந்த வார அமர்விலேயே முடிவு செய்துவிடலாம்.