ஏற்காடு, கஞ்சமலைக்குக் களப்பணி போகும் ஜியாலஜி மாணவர்களுக்கு

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சார்னோக்கைட் பாறை மாதிரி எடுக்கிறீர்களா? பழுப்பேறிய மேல்தோலைத் தவிர்த்துவிடுங்கள். உடைத்ததும் எண்ணெய்ப் பளபளப்போடு தெரியும் கரும்பச்சை, சாம்பல் நிற உட்பகுதிதான் மெல்சீவலுக்கும் (நுண்ணோக்கியில் பார்க்கத் தேய்த்தெடுக்கும் மெல்லிய பாறைத் துண்டு) வேதிப் பகுப்பாய்வுக்கும் சரி. திசை தேவைப்படும் மாதிரி என்றால், பெயர்த்தெடுப்பதற்கு முன்பே வடக்கையும் மேல்பக்கத்தையும் மார்க்கரால் பாறையிலேயே குறியுங்கள். மாதிரி எண்ணைக் கல்லிலும் எழுதுங்கள், பையிலும் எழுதுங்கள்.

கஞ்சமலையில் முக்கியமான ஒன்று: அங்கே மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் பட்டைகள் இருப்பதால் காம்பஸ் முள் இழுபடும். செல்போன் காம்பஸும் காந்தப்புலத்தைத்தான் அளக்கிறது, அதை நம்பி எழுதினால் பாறைப் படிவின் போக்கே (கிடைமட்டத்தில் அது நீளும் திசை) வரைபடத்தில் திரும்பிவிடும். அதே பட்டை தொடர்வது தெரியும் இரண்டு இடங்களில், முடிந்தவரை ஒரே உயரத்தில், நன்றாகத் தள்ளி ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, அவற்றை இணைக்கும் கோட்டிலிருந்து போக்கைக் கணக்கிடுங்கள். சாய்வுக்கோணத்தை வழக்கம்போல் அளக்கலாம். அதற்குக் காந்தம் தடையில்லை.

சேலத்து மேக்னசைட்டில் (மக்னீசியம் கார்பனேட் கனிமம்) நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் கால்சைட் போல நுரைக்காது. கல்லைச் சுரண்டிப் பொடியாக்குங்கள், ஆய்வகத்தில் அமிலத்தைச் சற்றுச் சூடாக்கி அதன்மேல் விட்டு, நுரைக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.